டபுள் விசிலும் தாளத்தில் அடங்காத ஊரும்

சினிமாப் பாட்டைத் தோற்கடித்த ஒரே பஸ் கண்டக்டர் இந்த உலகத்தில் எங்கள் ‘டபுள் விசில்’ மட்டும்தான்.

பஸ் நிற்க ஒரு விசில், கிளம்ப இரண்டு விசில் என்பது சட்டம். அவருக்குச் சந்தோஷம் வந்துவிட்டால் நிற்க வேண்டிய இடத்திலும் இரண்டு ஊதிவிடுவார். அதனால் வந்த பெயர்.

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் பஸ்ஸில் ஒரு நாள் கூட்டம் பிதுங்கியது. மோதிர விரலால் பஸ் தகரத்தைத் தட்டிக்கொண்டு, ராகமே இல்லாமல், மூச்சு விடாமல் ஆரம்பித்தார்.

“இங்குட்டு ஏறு, அங்குட்டு நகரு, கம்பியப் பிடி, காலப் பாரு!”

அதே தாளத்தில் வழியிலுள்ள ஊர்ப் பெயர்களும் மளமளவென்று கொட்டின.

பாட்டு பற்றிக்கொண்டது! பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், வடை போண்டா எழுதும் பலகையின் ஓரத்தில், கல்லூரி மாணவர்கள் வாராவாரம் சினிமாப் பாட்டுகளை வரிசைப்படுத்துவார்கள். அதில் டபுள் விசில் பாட்டுக்கு முதலிடம். தொடர்ந்து ஆறு வாரம்! வெள்ளரிப்பிஞ்சு விற்பவர் அதே தாளத்தில் விற்றார். ஒரு கல்யாண வீட்டில் ஆச்சி ஒருவர், “இங்குட்டு உக்காரு, அங்குட்டு நகரு, எலையத் தொடை, பாயாசம் பாரு!” என்று பந்தியையே நடத்திவிட்டார். குன்றக்குடித் திருவிழாவில் நையாண்டி மேளக்காரர்கள் வாசித்தார்கள். சாக்கோட்டை பஸ் கண்டக்டரும் பாடிப் பார்த்தார். “என்னய்யா, எழவு வீட்டுக்குப் போற மாதிரி இழுக்குற?” என்று பயணிகள் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஒரே ஒரு குறை. எங்கள் ஊரான அமராவதிபுதூர் பாட்டில் இல்லை. பாட்டில் இல்லாததால் அங்கே பஸ்ஸை நிறுத்தவும் அவர் மறந்துவிடுவார். மற்றவர்கள் கத்தி இறங்கிவிடுவார்கள். ஜவுளிக்கடை வேலை முடிந்து திரும்பும் எனக்குக் கத்த வாய் வராது. அடுத்த ஊரில் இறங்கி இரண்டு மைல் திரும்பி நடப்பேன்.

கடைசியில் ஊர்க்காரர்கள் பஸ்ஸை மறித்தார்கள்.

“பாட்டுல எங்க ஊரு வரணும். இல்லேன்னா பாட்டே கெடயாது. மொதலாளிகிட்டச் சொல்லிப்புடுவோம்.”

அவர் முகம் சுண்டிப்போனது. “நான் என்னண்ணே செய்யட்டும்? ஊர்ப்பேரு நீளமா இருக்கு. தாளத்துக்குள்ள அடங்க மாட்டேங்குது. நீங்க பேரக் கொஞ்சம் கொறச்சுக்கிறீகளா?”

“ஒம் பேரு டபுளு, எங்க பேரு பாதியா? நாளைக்கு வரைக்குந்தான் பார்ப்போம்!”

மறுநாள் மாலை பஸ் நிறைய எங்கள் ஊர்க்காரர்கள். பாட்டு தொடங்கியது. ஊர் நெருங்கும்போது தகரத்தைத் தட்டிய கை நின்றுவிட்டது. எல்லோரையும் பார்த்தார்.

“தாளத்த நிப்பாட்டிட்டேன். எம்புட்டு நீளமா வேணும்னாலும் சொல்லுங்க!”

யாருக்கும் சட்டென்று விளங்கவில்லை. என் வாய்தான் தானாகத் திறந்தது.

“அமராவதி... புதூ...ர்!”

அவ்வளவுதான். பஸ் மொத்தமும் என் பின்னால் கத்தியது. “அப்புடிப் போடுங்க தம்பி!” என்று துள்ளிய டபுள் விசில், சந்தோஷத்தில் இரண்டு விசில் ஊதிவிட்டார்.

பஸ் எங்கள் ஊரைத் தாண்டிப் பறந்தது.

அடுத்த ஊரில் இறங்கி, அத்தனை பேரும் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே திரும்பி நடந்தோம். ஒருவர்கூட அவரைத் திட்டவில்லை.

அதற்குப் பிறகு பஸ் ஒழுங்காக எங்கள் ஊரில் நின்றது. சில நாள் எனக்குத்தான் அந்தப் பாட்டை விட்டு இறங்க மனம் வராது.