மச்சான் வருவதற்குள் ஒரு வைரஸ்

"இந்தக் கம்ப்யூட்டரை என்னைத் தவிர இந்த வீட்டில் ஒருத்தரும் தொடக் கூடாது!" என்று குமாஸ்தா முழங்கினார். முழங்கியது சமையலறைக்குக் கேட்கவில்லை. குக்கர் அதைவிடச் சத்தமாக இருந்தது. எழுந்து போய், கதவருகே நின்று, இன்னொரு தடவை முழங்க வேண்டியதாயிற்று.

"அப்ப வைரஸை யார் எடுக்கிறது?" என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமல்.

"நான்!"

"நீங்களா? சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாத்தினீங்களே, அது இப்ப என்ன நேரம் காட்டுதுன்னு அதுக்கே தெரியலை."

"அது கடிகாரத்தோட கோளாறு."

"எதுக்கு வம்பு? அண்ணனைக் கூப்பிட்டிருக்கேன். சாயங்காலம் வரார். சின்ன வேலைதானாம்."

குமாஸ்தா பதறிப்போனார். பதறாமல் என்ன செய்வார்? பெயிண்ட் கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவரை வேலையை விட்டு நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. 'வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிட்டாங்க' என்று மனைவியிடம் அளந்துவிட்டிருந்தார். அன்றிலிருந்து தினமும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, படுக்கையறை மூலையில் அந்தக் கிழப் பெட்டி முன்னால் உட்காருவார். சீட்டாடுவார். நடுநடுவே, அணைத்துவைத்த போனைக் காதில் வைத்து, "என்ன மேனேஜர் சார், இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?" என்று அதட்டுவார். மீதி நேரமெல்லாம் விண்ணப்பம் அனுப்புவார். 'உங்கள் வயதுக்கு' என்று ஆரம்பிக்கும் பதில்கள்தான் வந்தன. மனைவி இப்போதெல்லாம் தனக்கு டீ போட்டுக்கொள்வதில்லை. வயிறு சரியில்லை என்றாள். மனுஷர் அதையும் நம்பினார்.

மச்சானோ கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர். தங்கை என்றால் உயிர். பெட்டியைத் திறந்தால், உள்ளே ஆபீஸ் வேலை என்று ஒரு மண்ணும் இல்லை, வேலை கேட்ட விண்ணப்பங்கள்தான் இருக்கின்றன என்று நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? அதை நினைத்தாலே செத்துவிடலாம் போலிருந்தது அவருக்கு.

விண்ணப்பங்களையெல்லாம் பென் டிரைவில் ஏற்றிச் சட்டைப் பைக்குள் பதுக்கினார். கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தார். வேட்டை ஆரம்பமாயிற்று.

வைரஸ் தடுப்பு மென்பொருளை ஓடவிட்டார். பெட்டி சளி பிடித்தவர் மாதிரி இழுத்து இழுத்து மூச்சுவிட்டது. கடைசியில் வைரஸ் மாட்டியது. ஒழித்துக் கட்டினார். அணைத்துப் போட்டார். சுத்தம்! விண்ணப்பங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பென் டிரைவைச் சொருகிப் பார்த்தார். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் முளைத்தது. வைரஸ் திரும்ப வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மறுபடி ஒழித்தார். மறுபடி சொருகினார். மறுபடி வந்தது.

"போச்சா?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"போச்சு. திரும்ப வந்துடுச்சு."

"அது என்ன, ஒவ்வொரு தடவையும் பையிலேர்ந்து எடுத்துச் சொருகறீங்க?"

"ஆபீஸ் ரகசியம்! மேனேஜர் யாருக்கும் காட்டக் கூடாதுன்னுட்டார்."

"நோவு அதிலேயே இருந்தா?"

"உனக்கென்ன தெரியும்? ஆபீஸ் சாமானுக்கெல்லாம் நோவு வராது."

"சேத்துக் காலோட வர்ற ஆளை உள்ளே விட்டுக்கிட்டே எத்தனை தடவை தரையைத் துடைப்பீங்களோ, துடைங்க," என்று போய்விட்டாள்.

குமாஸ்தாவுக்கு உறைக்கவில்லை. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. அட, வைரஸ் எதற்கு எதிரி? அதுதானே காப்பாற்றப் போகிறது! எல்லாவற்றையும் துடைத்தெறிந்துவிட்டால், வேலை போனதற்கு வைரஸே காரணம் என்று பழியைத் தூக்கி அதன் தலையில் போடலாமே!

பெட்டியில் இருந்ததையெல்லாம் அடியோடு அழித்தார். தலையில் கையை வைத்துக்கொண்டு அலறினார்.

"ஐயோ, போச்சே! கம்பெனிக் கணக்கெல்லாம் போச்சே! இனிமே என்னை வேலையில வெச்சுக்க மாட்டாங்களே!"

நடிப்பாகத்தான் தொடங்கினார். நடுவிலே நிஜ அழுகை வந்துவிட்டது. அதை நிறுத்த அவரால் முடியவில்லை. மனைவி ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழாதீங்க. வேலை போனது எனக்குத் தெரியும்."

"எ... எப்போலேர்ந்து?"

"மொத வாரத்திலேர்ந்து. நீங்க உள்ளே மேனேஜரைப் போன்ல அதட்டிக்கிட்டிருந்தப்ப, அவர் நம்ம வாசல்ல நின்னுக்கிட்டிருந்தார். நீங்க ஆபீஸ்ல விட்டுட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்தாராம். ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னோம்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்களா சொல்வீங்கன்னு தினமும் பார்த்தேன். என்கிட்டகூடச் சொல்லத் தோணலையேன்னு எத்தனை நாள் அழுதிருப்பேன் தெரியுமா? முடியாமத்தான் அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் கடையில கணக்குப் பார்க்க ஆள் வேணுமாம். அதைப் பேசத்தான் இன்னைக்கு வரச் சொன்னேன். வைரஸெல்லாம் ஒரு சாக்கு."

குமாஸ்தா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். மச்சான் உள்ளே வந்தார். வெறும் கறுப்பாகக் கிடந்த திரையைப் பார்த்தார். இன்னும் சொருகியபடியே இருந்த பென் டிரைவைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க மாப்பிள்ளை," என்றார். "கணக்கை மட்டும் கையாலேயே எழுதிடுங்க."