நாதஸ்வரம் கேட்ட மரம்

பெரம்பலூரில் அந்த ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் கிடையாது. ஆனாலும் கல்யாண மண்டபத்து வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. மேடையில் ஜோடியாக நின்றவை இரண்டு ஸ்பீக்கர்கள். செருப்பைக் கழற்றச் சொன்னது பக்திக்காக அல்ல என்று எழுதியே ஒட்டியிருந்தார்கள்: ‘ரப்பர் ஒலியைக் குடித்துவிடும்.’ பழனிவேல் அதைப் படித்தார். இங்கே எல்லாவற்றுக்கும் காரணம் சொல்கிறார்களே என்று மெச்சிக்கொண்டே கழற்றினார்.

பழனிவேல் லேசுப்பட்ட ஆள் அல்ல. அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஓய்வு நேரத்தில் பகுத்தறிவுப் பேச்சாளர். மீன்சுருட்டியில் ஒரு சாமியார் தேங்காயைத் தானாக எரியவைத்தபோது, நாருக்குள் இருந்தது சோடியம், தெளித்தது தண்ணீர் என்று மேடையேறிச் செய்து காட்டியவர். திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் கோயிலுக்குக் கூட்டம் ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்து, இத்தனை பேரில் ஒருவருக்குக்கூடக் கேள்வி கேட்கத் தோன்றவில்லையே என்று வருந்துகிறவர். அப்பேர்ப்பட்டவர் முன்வரிசை நாற்காலிக்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்திருந்தார்.

மேடைக்கு வந்தவர் கோகுலகிருஷ்ணன். ‘ஒலி வைத்தியர்’ என்பது அவரே அவருக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம். ஜிப்பா, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். நோயாளி யார்? மரம்தான். ஒரு பலகையில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடினார்.

“இதுல கோவம் இருக்கு. டீக்கடை பெஞ்சா இருந்திருக்கும்.”

கூட்டம் உச்சுக்கொட்டியது.

ஆம்ப்ளிஃபயரைப் பட்டுத்துணி போட்டு மூடியிருந்தார். அதன் விளக்கு வெளிச்சம் காதைக் களைப்பாக்குமாம். முதலில் ஸ்பீக்கர்களைப் பிளைவுட் ஸ்டாண்டில் வைத்துப் பாட்டுப் போட்டார்.

“கேட்டீங்களா? பாடுறவருக்கு மூக்கடைப்பு.”

அடுத்து அதே ஸ்பீக்கர்கள், பலா மர ஸ்டாண்டில். கோயில் மதிலோரம் நாற்பது வருஷம் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த பலாவாம். வைத்தியர் ஜிப்பா பாக்கெட்டில் கையை விட்டு ஒரு நிமிடம் தியானத்தில் நின்றார். பாட்டு எழுந்தது. மண்டபமே பெருமூச்சு விட்டது. “வீணைக் கம்பி கண்ணுக்குத் தெரியுது சார்!” என்றார் பக்கத்து நாற்காலி ரஞ்சித்குமார்; மளிகைக்கடைக்காரர். பழனிவேல் அழுதுகொண்டிருந்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் தனி ஆலோசனை.

“ஒங்க வூட்டுல மரம் இருக்குங்களா?”

“வாசல்ல முப்பது வருசப் பூவரசு நிக்குதுங்க.”

“எதுத்தாப்புல என்னா?”

“பிள்ளையார் கோயிலு. ஆடி மாசம் பூரா மைக்செட் ஓடும். நிறுத்தச் சொல்லி நானே மூணு மனு போட்டிருக்கேன்.”

“அய்யோ சார்! முப்பது வருசமாப் பாட்டுக் கேட்ட மரத்த சும்மா நிக்க வெச்சிருக்கீங்களே! வெட்டிக் கொண்டாங்க. சுருதி ஏத்தித் தரேன்.”

அதுவரை கேட்டுப் பழக ஒரு ஜோடி பலா ஸ்டாண்டையும் கொடுத்தனுப்பினார். எந்த மைக்செட்டை எதிர்த்து மனு போட்டாரோ, அதே மைக்செட்டுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே பழனிவேல் வீடு திரும்பினார்.

அந்தப் பூவரசு நிழலில்தான் அவர் மனைவி சுமதியின் தையல் மெஷின் இருந்தது. சித்திரை வெயிலில் தகர ஷீட்டுக்குக் கீழே உட்கார முடியாது; மரத்தடியில் முடியும். தெருவில் பாதி ஜாக்கெட்டுகள் அங்கேதான் தைத்தவை.

“தாராளமா வெட்டுங்க. நான் மெஷினத் தூக்கிட்டு ஒங்க பாட்டு ரூமுக்கே வந்துடுறேன். தாளத்துக்குத் தாளமாச்சு” என்றாள் சுமதி.

“ஒனக்கு இந்த சயின்ஸ் புரியாது.”

மீன்சுருட்டியில் தேங்காய்ச் சாமியாரின் சீடர்கள் பழனிவேலிடம் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். அவருக்கு அது ஞாபகம் வரவில்லை.

மறுநாள் மரம் வெட்ட ஆசாரி கொளஞ்சி வந்தார். திங்கட்கிழமையாதலால் சிறுவாச்சூரில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்திருந்தார். பாவம், மூடநம்பிக்கைக்காரர் என்று பழனிவேல் இரக்கப்பட்டார். பிறகு மரம் பாட்டுக் கேட்ட கதையைப் பொறுமையாக விளக்கினார்.

கொளஞ்சி மரத்தைத் தடவிப் பார்த்தார். “பச்சை மரத்துல செஞ்சா ஸ்டாண்டு வில்லா வளைஞ்சிடும், அது ஒண்ணு. ஸ்டாண்டு எதுக்கு சார்? பொட்டி காது ஒசரத்துக்கு வரணும், ஆடக் கூடாது. அவ்ளோதான? பாட்டுக் கேட்ட மரம் பாடும்னா, என் பட்டறைக் கதவு இருவது வருசமா ரம்பச் சத்தம் கேக்குது. இதுவரைக்கும் ஒரு பலகை அறுத்ததில்ல.”

சுமதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் காதால கேட்டேன் கொளஞ்சி!”

“கண்ணால பாத்துக்கிட்டேதான கேட்டீங்க? தங்கச்சி, ஒரு பழைய புடவை கொண்டாம்மா. குறுக்க கட்டுவோம். வெட்டுன மரத்த ஒட்டவைக்க எனக்குத் தெரியாது. அதனால மொதல்ல கேட்டுருவோம்.”

காம்பவுண்டு கட்டியதில் மிஞ்சிய ஹாலோபிளாக் கற்கள் கொல்லையில் கிடந்தன. மூன்றை அடுக்கினால் இரண்டடி. பலா ஸ்டாண்டின் உயரமும் அதேதான். புடவைக்கு அந்தப் பக்கம் சுமதி காசைச் சுண்டுவாள். பூ விழுந்தால் பலா, தலை விழுந்தால் கல். பெட்டியை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் கொளஞ்சி தூக்கித் தூக்கி வைப்பார். பாட்டு ஒன்று, சத்தம் ஒன்று, இடம் ஒன்று; மாறுவது பெட்டியைத் தாங்கும் கால் மட்டும். ஒன்றை மட்டும் மாற்றிச் சோதி என்று பழனிவேல் வருஷா வருஷம் பத்தாம் வகுப்புக்கு நடத்தும் பாடம்தான் அது. புடவைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, எது பலா, எது கல் என்று எழுதுவது புது அனுபவமாக இருந்தது.

பத்துத் தடவையில் நாலு சரி.

“காசச் சுண்டிச் சொல்லியிருந்தாக்கூட அஞ்சு வந்திருக்கும் சார்” என்றார் கொளஞ்சி.

சுமதி தாளை வாங்கி வாசித்தாள். “ஏழாவது தடவை. ‘நாதஸ்வரம் கேட்ட மரத்துக்கே உரிய கனிவு.’ ஏங்க, இது கல்லுங்க!”

பழனிவேல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “மரத்த விட்டுரு கொளஞ்சி” என்றார். தாளை மடித்துக்கொண்டே, “ஆனா மண்டபத்துல வித்தியாசம் இருந்துச்சே. எல்லாரும் கேட்டாங்களே” என்றார்.

“அதை அங்க போயிப் பாக்கலாம் சார்.”

அடுத்த ஞாயிறு. அதே மண்டபம், அதே மூக்கடைப்பு, அதே தியானம், அதே பெருமூச்சு. பழனிவேல் எழுந்தார்.

“திரை கட்டி ஒரு தடவ கேக்கலாங்களா?”

வைத்தியர் சிரித்தார். “சந்தேகப்படுற காதுக்கு முன்னால மரம் வாய் தொறக்காது சார்.”

சந்தேகப்படுகிறவன் முன்னால் தேங்காய் எரியாது என்றுதான் மீன்சுருட்டிச் சாமியாரும் சொன்னார். இந்த முறை பழனிவேலுக்கு ஞாபகம் வந்தது. காது மடல் சுட்டது.

பின்வரிசையிலிருந்து கொளஞ்சி குரல் கொடுத்தார். “திரை வேணாங்க. அந்தப் பட்டுத்துணிய மட்டும் எடுங்க. பாக்கெட்டுல இருக்குற கையையும்.”

வைத்தியர் கையை எடுக்கவில்லை. துணியை எடுத்தது பரமபக்தர் ரஞ்சித்குமார். உள்ளே ஏதோ தரிசனம் என்று நினைத்துவிட்டார். ஆம்ப்ளிஃபயரின் நெற்றியில் 42 என்று எரிந்தது.

“சத்தம் நாப்பத்திரண்டுல இருக்கு. இதே நாப்பத்திரண்டுல, யாரும் கை வைக்காம, பிளைவுட்டுல போடுங்க பாப்போம்” என்றார் பழனிவேல்.

கூட்டமே ஸ்பீக்கர்களைத் தூக்கி மாற்றியது. பாட்டு எழுந்தது. மூக்கடைப்பு போன இடம் தெரியவில்லை. பிளைவுட்டிலும் வீணைக் கம்பி கண்ணுக்குத் தெரிந்தது. பலாவுக்கு முன்னால் நடந்த தியானம் எதற்கென்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பாக்கெட்டிலிருந்து ரிமோட்டை உருவியதும் ரஞ்சித்குமார்தான்.

“ஒலிக்குக் கொஞ்சம் மரியாதை கூட்டிக் குடுத்தேன். அது தப்பா?” என்று கேட்டபடியே வைத்தியர் பின்வாசலை நோக்கி நகர்ந்தார். அவசரத்தில் செருப்பை மறந்துவிட்டார்.

“நீங்க பேசுங்க சார்!” என்று மைக்கைப் பழனிவேலிடம் நீட்டினார்கள்.

“இவரத் திட்ட எனக்கு வாய் வரல. போன வாரம் முன்வரிசையில உக்காந்து அழுதவன் நான்தான். அடுத்தவன் கும்புடுற தேங்காயில சோடியம் தேடுனேன். எனக்குப் புடிச்சதுல தேடல. குங்குமம் வெச்ச மனுசன் கொளஞ்சி வந்து, வெறும் ஹாலோபிளாக் மேல பொட்டிய வெச்சுத் தேடிக் குடுத்தாரு.”

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. எல்லோரும் சிந்திக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றே பழனிவேல் நம்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை சிறுவாச்சூரில் கொளஞ்சியின் பட்டறை வாசலில் பதினைந்து பைக்குகள் நின்றன. ரஞ்சித்குமார் முன்னால் வந்தார். கையில் ஒரு ஹாலோபிளாக்.

“அண்ணே, ஒங்க கையால தொட்டுக் குடுங்க. கெழக்க பாத்து வெக்கணுங்களா?”

கொளஞ்சி இழைப்புளியைக் கீழே வைத்தார். “திசையும் கெடையாது, ராசியும் கெடையாது. காது ஒசரத்துக்கு வெய்யி, ஆடாமப் பாத்துக்க. நான் சொன்னேன்னு இதையும் நம்பாத. வூட்டுல ஒரு புடவையக் குறுக்க கட்டி, நீயே கேட்டு, நீயே யோசிச்சு முடிவு பண்ணு.”

கூட்டம் பயபக்தியோடு தலையாட்டியது. ரஞ்சித்குமார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“புடவை என்னா கலருங்கண்ணே?”