மூன்றாவது சம்மதம்

"மூன்றில் இரண்டு சம்மதம் வந்துவிட்டது. இன்னும் ஒருவர் பாக்கி" என்றது புது போனின் திரை. காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தது. எளிமையின் பழைய போன் பக்கெட் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டிருந்தது.

எளிமை என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். பலர் வீட்டுக் கணினிகள் கூடி இயக்கும் செயற்கை நுண்ணறிவு வலையைச் சாதாரண மனிதர்களுக்கும் எளிதாக்கித் தருவதுதான் அவர் வேலை. அந்த வலைக்குத் தலைமை என்று யாரும் கிடையாது. கணக்கைத் திறக்கும் சாவி தொலைந்தால் போய் நிற்க ஒரு கவுன்ட்டரும் கிடையாது. பன்னிரண்டு ரகசியச் சொற்களைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னபோது ஜனங்கள் தெறித்து ஓடினார்கள். "நம்பிக்கையான மூணு பேரை எழுதிக் குடுங்க. மூணு பேரும் அழுத்தினா கணக்கு திறந்துடும்" என்று மாற்றியவர் இவர்தான். யார் அழுத்தினார்கள் என்று காட்டக் கூடாது, வீண் மனஸ்தாபம் வரும் என்று சொன்னவரும் இவரே.

நாலு மணிக்கு அதை முப்பது பேர் முன்னால் செய்து காட்ட வேண்டும். பழைய போனோடு சாவியும் போனதில் சொந்தக் கணக்கே திறக்கவில்லை.

"நான் நீங்க கேட்ட உடனேயே அழுத்திட்டேனே?" என்றாள் மனைவி போனில்.

பக்கத்து மேஜைக்காரர் காலையிலேயே "இதோ சார்" என்று தலையாட்டியிருந்தார். கோரிக்கை அனுப்பிய ஐந்தாவது நிமிடத்தில் இரண்டு சம்மதமும் வந்துவிட்டன. ஆக, பாக்கி அண்ணன்.

அண்ணன் லாரி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விருந்தில், "உன் வேலை என்னன்னு எனக்குப் புரியற மாதிரி ஒரு வரியில சொல்லேன்டா" என்றார். எளிமையால் முடியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. அதற்கு முன்னால் எழுதிய பட்டியலில் மட்டும் அண்ணன் அப்படியே இருந்தார்.

"நேரா கூப்பிட்டுக் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"நானா? அவர்கிட்டயா? நீ அண்ணிகிட்ட சொல்லு. அவசரம்னு மட்டும் சொன்னா போதும்."

மனைவி அவசரம் என்று மட்டும் சொன்னாள். கால் மணி நேரத்தில் அண்ணி அழுதுகொண்டே கூப்பிட்டாள்.

"எந்த ஆஸ்பத்திரி தம்பி?"

"ஆஸ்பத்திரி எல்லாம் இல்ல அண்ணி. ஒரு பட்டன்தான்."

"ஐயோ, நெஞ்சுலயா வச்சிருக்காங்க?"

எளிமை போனை வைத்துவிட்டு, மூவருக்கும் போகும் 'நினைவூட்டு' என்பதை அழுத்தினார். பதில் இல்லை. வரிசையாகப் பதினோரு தடவை அழுத்தினார். உடனே மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, உங்க பேர்ல எவனோ ஏமாத்தறான்னு எச்சரிக்கை வருது. குடுத்த சம்மதத்தை வாபஸ் வாங்கிடட்டுமா?"

"தொடாதே! கையை எடு!"

மூன்றரை ஆயிற்று. திரையில் அதே இரண்டு. எளிமைக்கு இரண்டு வருடக் கோபமும் ஒன்றாகப் பொங்கியது. அண்ணனுக்கு எழுதினார்: "ஒரு விரலை அசைக்கக்கூட மனசு வரலையா? இனிமே எனக்கு அண்ணன்னு யாரும் இல்ல."

அனுப்பினார். அண்ணன் பார்த்துவிட்டார். ஏதோ தட்டச்சு செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடி ஆரம்பித்து, மறுபடி நின்றது.

இவ்வளவு எழுதியிருக்க வேண்டாம் என்று எளிமைக்குத் தோன்றியது. சின்ன வயதில் சைக்கிளைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடி வந்தவர் அவர். ஆனாலும் தப்பு அவர்மேல்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அப்போது பக்கத்து மேஜைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. காலையில சுத்தமா மறந்துட்டேன், நான் இன்னும் அழுத்தவே இல்ல."