மாத்திரையைத் தரம் பிரித்த விவரம்

ஆம்பூர்,
வியாழக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

அக்கா மகள் ஃபிர்தௌஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமூ ஷபீ அஹமது துஆவுடன் எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம் என்று எழுத வேண்டிய இடம் இது. முழுதும் படித்த பிறகு நீயே பார்த்து நிரப்பிக்கொள். காட்பாடியில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, அம்மாவுக்குப் போன் செய்கிறாயா என்றெல்லாம் கேட்க வேண்டும், கேட்டதாக வைத்துக்கொள். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பொய்தான் வாயில் வரும்.

விஷயம் உன் ஆராய்ச்சியைப் பற்றியது. கோபமும் படபடப்பும் மாத்திரையால் குறைகிறதா என்று பார்க்க, நம் தெருவில் இருபது பேருக்குக் கொடுக்கச் சொல்லி நம்பர் போட்ட இருபது கவர்களை என்னிடம் ஒப்படைத்தாய். சிலதில் மருந்து, சிலதில் வெறும் மாவு, எதில் எது என்று உனக்கே தெரியாது என்றாய். நான் தலையாட்டினேனே தவிர, உன்னை நினைத்து மனசு கஷ்டமாக இருந்தது. முப்பத்தெட்டு வருஷம் தோல் ஷாப்பில் தரம் பிரித்தவன் நான். கலந்து கிடக்கிற லாட்டை அப்படியே அனுப்பினேன் என்று என்மேல் ஒரு பேச்சு வந்தது கிடையாது. இத்தனை படித்த பிள்ளைக்குத் தன் சரக்கு எது என்று தெரியவில்லை, வெளியே சொல்லவும் வெட்கம், நாமே பிரித்துக் கொடுத்துவிடுவோம் என்று நினைத்தேன். உன்மேல் உள்ள பாசத்தில் செய்ததுதான் எல்லாம்.

உன் மாமி தில்ஷாத்தின் வெள்ளை பெட்ஷீட்டை வடக்கு ஜன்னலோரம் விரித்து (தோலோ மாத்திரையோ, வடக்கு வெளிச்சத்தில்தான் குறை தெரியும்), கவருக்கு ஒன்றாக எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். ஒன்பது நல்ல வழவழப்பு, ஓரம் சுத்தம், அதெல்லாம் ஃபர்ஸ்ட். எட்டு செகண்ட். மூன்றைத் தொட்டதுமே தோலே இல்லை, போலி ரெக்ஸின் என்று விரல் சொல்லிவிட்டது, அதெல்லாம் ரிஜெக்ட். கவர்மேல் சாக்பீஸால் குறி போட்டேன். தேவை ஜாஸ்தியாக இருப்பவர்களுக்கு ஃபர்ஸ்ட். "டீ குடிக்க வந்தியா, என் உசிர குடிக்க வந்தியா" என்று வாடிக்கைக்காரனைக் கேட்கிற டீக்கடை மஹபூப் பாஷாவுக்கு ஒன்று. பூட்டை இழுத்துப் பார்க்க பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்று தடவை திரும்பி வருகிற, ஷூ கம்பெனியில் ரிட்டயரான கண்ணம்மாளுக்கு ஒன்று. ரிஜெக்ட் மூன்றில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன், ஒன்றை மாமிக்குச் சொல்லாமல் கொடுத்தேன், ஒன்று சைக்கிள் கடை சின்னசாமிக்கு. கோபமே வராத மனுஷனுக்கு எதைக் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன்.

வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். பாஷா கேட்டான், "பாய், எனக்கு அசல்தானே?" நான், "உனக்கு ஃபர்ஸ்ட் பாஷா, கையால பாத்துக் குடுத்துருக்கேன்" என்றேன். யாருக்கு எந்தத் தரம் என்பது சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் பாஷா வாடிக்கைக்காரரை உட்காரச் சொல்லி டீ கொடுத்தான். கண்ணம்மாள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஆலங்காயம் போய் வந்தாள். பூட்டே போடாமல் போய்விட்டாள் என்பது வேறு விஷயம். செகண்ட் வாங்கியவர்கள் தலை பாரமாக இருக்கிறது என்று வாசலில் வந்து நின்றார்கள். சின்னசாமி கையில் ஸ்பேனருடன் வந்தார். "நான் ரிஜெக்டா பாய்? இன்னா கொறை பாத்தீங்க என்கிட்ட?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஸ்பேனரை நம் கேட்டின் மேல் எறிந்துவிட்டுப் போய்விட்டார். தினமும் கோபத்தைக் குறித்து வைக்க நீ ஆளுக்கொன்று கொடுத்த நோட்டில் அன்றைக்கு அவர் எழுதியது: "கோபம் பதினோரு தடவை. காரணம் ஷபீ பாய்." மாமி தன் கவரில் இருந்த சாக்பீஸ் குறியைப் பார்த்ததிலிருந்து நாலு நாளாகப் பேச்சில்லை, தட்டை வைக்கிற சத்தம்தான். எனக்கும் இப்போது தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிறது. ரிஜெக்ட் சாப்பிட்டால் வேறெப்படி இருக்கும்?

ஒரே ஒரு நல்லது நடந்தது. போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பாஷா நேராக மகன் ஃபஹீம் வீட்டுக்குப் போனான். நாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத வீடு. பேத்தியை முதல் முதலாகத் தூக்கினானாம். "மாத்திர வேல செய்யுது பாய்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

ஆனால் திங்கட்கிழமை உன் சார் நோட்டுகளைப் பார்க்க வருகிறார். யாருக்கு எது என்று தெரிந்துபோன ஆராய்ச்சி செல்லாது என்று நீ அன்றைக்கே சொன்னாய். நான்தான் காதில் வாங்கவில்லை. உன் அத்தா மவுத்தான பிறகு உன்னைக் காலேஜில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டவன், உன் நாலு வருஷ உழைப்பை ஒரு பெட்ஷீட்டில் கெடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள் கண்ணு. காட்பாடிக்கு நானே வந்து, தப்பு முழுக்க என்னுடையது என்று சாரிடம் சொல்கிறேன். எவ்வளவு திட்டினாலும் நின்று கேட்டுக்கொள்வேன். சாப்பிடுவது ரிஜெக்ட் என்பதால் எதிர்த்துப் பேசிவிடுவேனோ என்றுதான் பயம்.

அல்லாஹ் உன் படிப்பில் பரக்கத் தரட்டும். உனக்கு என்னைவிடப் புத்தியுள்ள உறவுகளையும் தரட்டும்.

உன் மாமூ,
ஷபீ அஹமது

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குள் மாமி உனக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என்னிடம் பேசாதவள் உன்னிடம் முக்கால் மணி நேரம் பேசினாள். பிறகு நீ சாரிடம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சிரித்தாய். இருபது கவரிலும் ஒரே மாவாம், எதிலும் மருந்தே கிடையாதாம். மருந்து சாப்பிடுகிறோம் என்று நினைத்தால் மனுஷன் எப்படி மாறுகிறான் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சியாம். நான் பிரித்த ஃபர்ஸ்டும் ரிஜெக்டும் ஒரே மெஷினில் வந்தவையாம். சார் கோபப்படவில்லை, நம் தெருவுக்குத் தனி அத்தியாயமே போடலாம் என்கிறார், இந்தக் கடிதமும் வேண்டும் என்கிறார் என்றாய். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்குகிறேன். எல்லாம் ஒன்றுதானாம் என்று மாமியிடம் சொன்னேன். "ரிஜெக்ட்னு நெனச்சுதானே எனக்குக் குடுத்தீங்க" என்கிறாள்.

முடிவில் இருபது பேரிடமும் உண்மையைச் சொல்லியாக வேண்டும், அதுதான் விதி என்றாய். மற்றவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். பாஷாவிடம் மட்டும் நீ வந்து சொல். மாத்திரையில் ஒன்றுமே இல்லை, ஃபஹீம் வீட்டுப் படியை அவனேதான் ஏறினான் என்று சொல். நான் சொன்னால் நம்ப மாட்டான். ஃபர்ஸ்ட் என்று கொடுத்தவன் நான்.