சகலன் கரைசேர்த்த என் மீன்

எனக்குப் பொறாமை அதிகம். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் முழுதாகச் சொன்னதில்லை. கோபம், பொய், பூசைக்குப் பிந்திப் போனது எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, இதை மட்டும் "இன்னும் சில சில்லறைப் பாவங்கள், சுவாமி" என்று மூட்டை கட்டிவிடுவேன். ஆனால் ஒரு மனிதனுக்குச் சகலன் என்று ஒருவன் வாய்த்துவிட்டால் (மனைவியின் தங்கை புருஷன், ஒரே வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்காக ஆயுள் முழுக்க ஒரே தராசில் நிறுக்கப்படுகிறவர்கள் நாங்கள்) பொறாமை சில்லறை அளவில் நிற்பதில்லை.

என் சகலன் பெயர் றொபின். என்னைவிட ஆறு வயது இளையவன். இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் பொலிதேயாமாப் பக்கம் ஒரு ஹோட்டல் வரவேற்பில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பது அவன் வேலை. லிபெர்த்தா வீதியில் தனியாக இருக்கும் ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவுக்குச் சமைத்து, மருந்து கொடுத்து, வீட்டைத் துடைப்பது என் வேலை. அதைப் பொறுத்துக்கொண்டேன். அவனுக்கு இன்னும் தலைமுடி கொட்டவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன். மீன்பிடியில் மட்டும் நான்தான் ராசா என்று ஒரு ஆறுதல் இருந்தது. நான் யாழ்ப்பாணத்து மீன்பிடித் துறையான குருநகரில் பிறந்தவன். அவன் புடவைக்கடைக்காரரின் மகன். மீனை முதன்முதலில் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துத்தான் சந்தித்தவன். (என் அப்பாவும் தபால் கந்தோரில்தான் வேலை செய்தார். இருந்தாலும் குருநகர் குருநகர்தானே.)

அந்த ஆறுதலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. குடும்ப வட்ஸ்அப் குழுவில் றொபினின் படம் வந்தது. இரண்டு கையாலும் ஒரு மீனைத் தாங்கிக்கொண்டு நிற்கிறான். பச்சை முதுகு, பருத்த வயிறு, என் முஷ்டி தாராளமாக உள்ளே போகிற அளவுக்கு வாய். இஞ்சை அதைப் பெர்சிக்கோ த்ரோத்தா என்பார்கள். பெயரில் த்ரோத்தா இருந்தாலும் அது ட்ரவுட் மீன் அல்ல, ட்ரவுட்டைத் தின்கிற மீன். இந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ கிடைத்த செய்திகூட எங்கள் ஆட்களிடம் அவ்வளவு வேகமாகப் பரவியதில்லை. ரொறன்ரோவிலிருந்து கைதட்டல் வந்தது. லண்டனிலிருந்து இதயங்கள் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து மாமி, "என்ரை மருமகன்!!!" என்று எழுதினா. எனக்கும் அவவுக்கும் பதினாறு வருசப் பழக்கம். ஒரு ஆச்சரியக்குறிகூட எனக்கு விழுந்ததில்லை.

"எவ்வளவு பெரிசு, பாருங்கோவன்," என்றாள் என் மனைவி ஜெசி. "நீங்கள் துறைமுகத்திலை பிடிக்கிறது இதின்ரை கண்ணளவு வருமோ?"

"அது ஏரி மீன். சோம்பேறி. தானாக வந்து ஏறியிருக்கும்," என்றேன்.

அடுத்த வாரம் சாப்பாட்டு மேசையில் றொபின் விளக்கினான். மலைமேல் இருக்கும் ஏரியில், மீன்பிடிச் சங்கத்துக்காரர் வசந்த காலத்தில் லொறியில் ட்ரவுட் கொண்டுவந்து விடுவார்களாம். ஏரியில் கிடக்கும் பெரிய பெர்சிக்கோக்கள் அதற்காகவே காத்திருக்குமாம். அந்த நேரம் புழுவைத் திரும்பியும் பாராதாம். ட்ரவுட் மாதிரியே செய்த, நாலு துண்டாகப் பூட்டிய, தண்ணீரில் நெளிந்து நீந்துகிற பெரிய பொய்மீன் வேண்டுமாம். அதற்கு ஸ்விம்பெய்ட் என்று பெயராம்.

"சின்ன இரைக்குச் சின்ன மீன்தான் அண்ணை வரும். வேணுமெண்டால் நான் காட்டித் தாறன்."

"எனக்கு? நீர்?" என்று கேட்டு, மேசை அதிரச் சிரித்தேன். அவ்வளவு பலமாகச் சிரித்தவன் பிறகு அவனிடம் போய் எதையும் கேட்க முடியாது அல்லவா? அதனால் களவாகப் படித்தேன்.

வீடியோக்களைப் பார்த்தேன். ஒருவர் முதல் பத்து நிமிடமும் தூண்டில் தடியைப் பற்றியே கதைத்தார். பெரிய இரைக்கு மொத்தமான, உறுதியான தடி, மொத்தமான நூல் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குத் தடி தெரியாதா என்று அதைத் தள்ளிவிட்டு, மீன் கடிக்கிற இடத்திலிருந்து பார்த்தேன். ஜெசிக்குத் தெரியாமல் சிஞ்ஞோராவின் விலாசத்துக்கு ஒரு ஸ்விம்பெய்ட் வரவழைத்தேன். முழங்கை நீளம். வயிற்றில் வெள்ளி, முதுகில் புள்ளி, கண்ணில் ஒரு ஏளனம். றொபினுடையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதே நான் தேடிய ஒரே தகுதி.

அது நீந்துகிறதா என்று பார்க்க வேண்டுமே. சிஞ்ஞோராவின் குளியல் தொட்டி நல்ல நீளம். அவ மத்தியானத் தூக்கத்தில் இருந்த நேரம் தொட்டியை நிரப்பி, பொய்மீனைக் கயிற்றில் கட்டி, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுத்தேன். என்ன நெளிவு! நான் முழந்தாளில் நின்று அதனோடு கதைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் கதவு திறந்தது.

"அந்தோனியோ, அது த்ரோத்தாவா?" கண்ணாடி போடாமல் வந்திருந்தா.

நான் வாய் திறக்குமுன் அவவின் முகம் மலர்ந்துவிட்டது. "உயிரோடேயே வாங்கி வந்திருக்கிறாயே! இரவுக்கு மகளையும் வரச் சொல்கிறேன். எலுமிச்சை மட்டும் போதும், சோஸ் வேண்டாம்."

பல்லரோ சந்தை மூடுகிற நேரம். அங்கே ஓடி, கடைசியாகக் கிடந்த மீனை வாங்கி வந்து சமைத்து வைத்தேன். "தொட்டியில் இதைவிடப் பெரிதாகத் தெரிந்தது," என்று சிஞ்ஞோரா மகளிடம் சந்தேகமாகச் சொன்னா. தண்ணீரில் எல்லாமே பெரிதாகத்தான் தெரியும் என்று நான் விஞ்ஞானம் கதைத்தேன்.

ஈஸ்டர் திங்கள் பஸ்குவெத்தா. அன்று பலெர்மோவே புல்வெளி தேடிப் போய் இறைச்சி சுடும். நாங்கள் இரண்டு குடும்பமும் அந்த ஏரிக்கரைக்குப் போனோம். பக்கத்தில் ஒரு சிசிலியன் குடும்பம் கரியில் கார்ச்சோபி மொட்டுகளைச் சுட்டுக்கொண்டிருந்தது. நான் பையிலிருந்து என் பொய்மீனை மெதுவாக, எல்லோரும் பார்க்கும்படி எடுத்தேன். றொபின் அதைப் பார்த்தான். பிறகு என் தடியைப் பார்த்தான். துறைமுகத்தில் விரல் நீள மீன் பிடிக்கிற தடி அது.

"அண்ணை, இது அதைத் தாங்காது. தங்கூசி நூலும் மெல்லிசு. என்ரை மற்றத் தடியைத் தரட்டோ?"

"நீர் உம்மடை வேலையைப் பாரும்."

முதல் வீச்சில் பொய்மீன் என் காலடியிலேயே தேங்காய் விழுந்த மாதிரி விழுந்தது. இரண்டாவதில் பக்கத்துச் சிசிலியனின் வைக்கோல் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஏரிக்குள் போனது. அந்த மனிதர் நல்லவர், கைதட்டினார். அதன்பிறகு கை பழகிற்று. மெல்ல மெல்லச் சுற்றி இழுத்தேன். ஒரு மணித்தியாலம் போயிற்று. எனக்கு ஒன்றும் படவில்லை. றொபினுக்கும் ஒன்றும் படவில்லை. அன்றைக்கு நான் உண்மையாகச் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணித்தியாலம்தான்.

திடீரென்று தண்ணீர் வெடித்தது. தடி வில்லாக வளைந்தது. "ஜெசி! பார்! பார்!" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்த்த அதே கணத்தில் தங்கூசி 'டிக்' என்று அறுந்தது.

மீன் ஓடியது. ஆனால் அந்தப் பெரிய இரை மிதவை மாதிரி மேலே இழுத்ததால் அதனால் ஆழத்துக்குப் போக முடியவில்லை. வாயில் என் பொய்மீன் தொங்க, பின்னால் அறுந்த நூல் மிதக்க, கரையோரமாகவே அலைந்தது. றொபின் அவசரப்படவில்லை. நிதானமாக வீசினான். அவனுடைய தூண்டில் முள் என் நூலில் கொளுவிக்கொண்டது. இரண்டே நிமிடத்தில் மீன் கரைக்கு வந்துவிட்டது. அவன் படத்தில் பிடித்திருந்ததைவிட அது பெரிது.

"என்ரை மீன்!" என்றேன் நான்.

"பிடிச்சது இவரெல்லோ, அத்தான்?" என்றாள் மச்சாள் டயானா, றொபினின் மனைவி.

"கடிச்சது என்ரை இரையை!"

கார்ச்சோபி சுட்ட மனிதர் கையில் இடுக்கியோடு வந்து இரண்டு தரப்பையும் விசாரித்தார். தலை உனக்கு, வால் அவனுக்கு என்று தீர்ப்புச் சொன்னார். றொபின்தான் குறுக்கிட்டான். "அண்ணையின்ரை மீன்தான். அண்ணை பிடியுங்கோ, படம் எடுத்துப்போட்டு விடுவம்," என்று சொல்லி, முள்ளைக் கழற்றி, மீனை என் கையில் தந்தான். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தண்ணீர் விளிம்பில் நின்றேன். டயானா கைபேசியைத் தூக்கினாள். "அத்தான், கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ. றொபினை மறைக்கிறியள்."

"ஓம், பிடிச்ச ஆளும் படத்திலை வேணுமெல்லே," என்றாள் ஜெசி. என்னுடைய ஜெசி!

மீன் வழுகிவிட்டது என்றுதான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். வழுகவில்லை. கையைத் தளர்த்தினேன். எனக்கில்லாத மீன் ஏரிக்கே போகட்டும் என்று விட்டேன். விட்ட பிறகு, பதறிப்போனவன் மாதிரி நடிக்க அதன் பின்னால் ஒரு எட்டுப் பாய்ந்தேன். அந்தப் பாய்ச்சலில்தான் நடிப்பு முடிந்தது. சேற்றில் கால் வழுக்கி, கழுத்தளவு தண்ணீருக்குள் போய் விழுந்தேன். தொப்பிக்காரர் மறுபடியும் கைதட்டினார்.

டயானா சரியாக அந்தக் கணத்தில் எடுத்திருந்தாள். படத்தில் மீன் இல்லை. அந்தரத்தில் நான் இருக்கிறேன், பக்கத்தில் தலைமுடி கலையாமல் றொபின் நிற்கிறான். ஐந்து நிமிடத்தில் மாமியின் பதில் வந்தது: "ஆர் விழுந்தது? றொபினுக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

திரும்பும் வழியில் அவனுடைய ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு முன் இருக்கையில் நடுங்கிக்கொண்டிருந்தேன். பெண்கள் பின்னால் உறங்கிவிட்டார்கள். றொபின் வீதியைப் பார்த்தபடியே சொன்னான். "எனக்கு முதல் மீன் பட நாலு மாதம் எடுத்தது, அண்ணை. உங்களுக்கு முதல் நாளே அடிச்சிட்டுது. மெய்யாச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் எரிச்சலாத்தான் இருந்தது."

அந்த ஒரு வசனத்தில் என் குளிர் விட்டது. மீனை நானேதான் விட்டேன் என்று அவனிடம் சொல்லவும் வாய் வந்தது. ஆனால் சொல்லவில்லை. அவ்வளவு நல்லவனாக மாற ஒரு நாள் போதாது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் என் கையில் எதையும் நம்பித் தருவதில்லை. பிறந்தநாள் கேக், கண்ணாடிக் கோப்பை, மாதாவின் சுரூபம், எதுவானாலும், "அத்தானிட்டைக் குடுக்காதேங்கோ, விட்டிடுவார்," என்று ஒரு குரல் வரும். போன வருசம் றொபினுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அவன் பிள்ளையை என் கையில் தர வந்தபோது, கட்டிலில் கிடந்த டயானா, பக்கத்தில் நின்ற ஜெசி, வீடியோ அழைப்பில் மாமி, மூன்று பேரும் ஒரே மூச்சில் கத்தினார்கள்: "இறுக்கிப் பிடியுங்கோ!"

இத்தாலியத் தாதி பயந்துபோய் ஓடிவந்தாள். றொபின் மட்டும் அசையவில்லை. பிள்ளையை என் கையில் வைத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைகளுக்குள் போட்டுக்கொண்டு நின்றான்.