பேட்டரி இல்லாத இம்பாக்ட் ரெஞ்ச்

இனித் தன் வண்டியில் எந்த மெக்கானிக்கின் கையும் படக்கூடாது என்று ஆர்லோ சபதம் போட்டான். மிச்சிகனில் சபதம் போடுவது சுலபம். குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு அதையும் துருப்பிடிக்க வைத்துவிடும்.

அவனுடைய பிக்கப் டிரக்கின் பிரேக் கிரீச்சிட்டது. நவம்பர் பதினைந்து, மான் வேட்டை தொடங்கும் நாள், நெருங்கிவிட்டது. அன்றுதான் வடக்கே காட்டுக் குடிசையில் அவனுடைய அண்ணன் தம்பிகள் கூடுவார்கள். அந்த ஒரு வாரத்துக்காகத்தான் ஆர்லோ மிச்ச வருஷத்தைச் சகித்துக்கொண்டிருந்தான். பிரேக்கைப் பார்க்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். துருவேறிய நட்டுகள், ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி ஏறிக் குதித்தும் அசையவில்லை. அசைந்தது அவன் இடுப்புதான்.

அதே தேதிதான் ஆர்லோவின் கல்யாண நாளும். அவன் மனைவி மேவிஸ் தெற்கே ஜார்ஜியா மாநிலத்துக்காரி, இந்த ஊர் வழக்கம் தெரியாதவள். அந்தத் தேதிக்கு மட்டும் மண்டபம் காலியாக இருக்கிறது என்று அவன் சொன்னபோது, நல்ல சகுனம் என்று நினைத்தாள். ஊரில் ஒருத்தரும் அன்று ஏன் கல்யாணம் வைப்பதில்லை என்பது, அடுத்த வருஷம் தனியாக உட்கார்ந்து கேக் வெட்டியபோதுதான் புரிந்தது. அதற்குப் பிறகும் எல்லா வருஷமும் அப்படியே. அவள் வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் எதையும் மறந்ததுமில்லை.

இறுகிய நட்டை அடித்துச் சுழற்றிக் கழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச் வாங்குவதென்றால் பேட்டரியோடு சம்பந்தம் செய்துகொள்வது. கம்பெனிக்கு ஒரு நிறம், ஒன்றின் பேட்டரி மற்றதில் பொருந்தாது. அந்த ஊர் ஆண்பிள்ளைகள் தேவாலயத்தை வேண்டுமானால் மாற்றுவார்கள், பேட்டரியின் நிறத்தை மாற்ற மாட்டார்கள். ஆர்லோ வீட்டில் டிரில், ரம்பம் எல்லாம் மஞ்சள். பக்கத்து வீட்டு டுவெய்ன் சிவப்பு. ஒரு மாதமாகப் பார்த்த வீடியோ அத்தனையும் வீட்டு வேலைக்கு நடுத்தர ரெஞ்சே போதும் என்றன. ஆர்லோவுக்கோ லாரியையே பிரித்துப்போடும் சிவப்பு அசுரன்மீது மோகம்.

"மஞ்சள்லயே ஒண்ணு வாங்கேன். பேட்டரிதான் அலமாரி நிறைய கிடக்கே" என்றாள் மேவிஸ்.

"மஞ்சளுக்குத் தெம்பு பத்தாது."

"மஞ்சளுக்கா, உனக்கா?"

"துருவைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"இருபத்தாறு வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்தறேன். எனக்கா தெரியாது?"

ஆர்லோ திட்டம் தீட்டினான். கல்யாண நாள் பரிசாக அவளுக்குச் சருகு ஊதும் மெஷின், சிவப்பில். பேட்டரியும் சார்ஜரும் அதோடு வரும். பிறகு ரெஞ்சை மட்டும் தனியாக வாங்கினால் போதும். தன் மூளையை நினைத்து அவனுக்கே புல்லரித்தது. பழைய படகு மோட்டாரை விற்ற ரகசியப் பணத்தில் ரெஞ்சை வாங்கி, பெஞ்சுக்கு அடியில் ஒளித்துவைத்தான். பரிசுப் பெட்டிக்குள், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளும் கடைச் சீட்டையும் முறைப்படி வைத்தான்.

"இது எனக்கா?" என்றாள் மேவிஸ்.

"உனக்கேதான். அன்னிக்கு நான் காட்டுல இருப்பேனே, அதான் இப்பவே. ஓக் மரத்துச் சருகைப் பெருக்கிப் பெருக்கி உனக்கு முதுகு வலிக்குதேன்னு..."

அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. ஆர்லோவுக்கே வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. மெஷினைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, பேட்டரியை மட்டும் எடுத்துத் துடைத்துச் சார்ஜரில் மாட்டினான். மேவிஸ் அதைப் பார்த்தாள். மலர்ந்த முகம் மூடிக்கொண்டது.

மறுநாள் கராஜில் மஞ்சள் மெஷின் நின்றது.

"சிவப்பு எங்கே?"

"மாத்திட்டேன். நீதான் சீட்டு வெச்சிருந்தியே! நம்மது மஞ்சள் வீடாச்சே, நீ ஞாபகமில்லாம வாங்கிட்டேன்னு நினைச்சேன். பேட்டரி வேண்டாம்னதும் பாதி விலைதான். மீதிக்கு, இந்த ஊர்க் குளிருக்குக் குடிவந்த எங்கம்மாவுக்கு ஒரு கம்பளி. ஏன்யா முகம் வெளுத்துப்போச்சு?"

"சந்தோஷம்" என்றான் ஆர்லோ.

இனி பேட்டரி வாங்கலாமென்றால் கையில் காசில்லை. கார்டு அவள் பையில். வண்டியைச் சரிசெய்துகொண்டு பின்னாலேயே வருவதாக அவன் சொல்ல, வியாழக்கிழமை அண்ணன் தம்பிகள் கிளம்பிப் போய்விட்டார்கள். மானத்தை விட்டு டுவெய்ன் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"ஒரு பேட்டரி குடுப்பா. சாயங்காலம் தந்துடறேன்."

"அடடா, எல்லாத்தையும் காலையிலேயே மேவிஸ் வாங்கிட்டுப் போயிட்டாளே! 'ஆர்லோ புது ரெஞ்ச் வாங்கியிருக்கான், உன்கிட்ட கேக்கக் கூச்சப்படறான்'னா. உனக்கு வாய்ச்சவ தங்கம்ப்பா."

தங்கம் சமையலறையில் உட்கார்ந்திருந்தது. மேஜைமேல் இரண்டு சிவப்புப் பேட்டரிகள்.

"புது மெஷினால பெஞ்சுக்கு அடியில ஊதினேன். சிவப்பா ஒண்ணு பல்லிளிச்சுது" என்றாள். "கொண்டா அதை. முதல்ல என் காருக்குப் பனி டயர் மாத்து. அப்புறம் அம்மா காருக்கு, அப்புறம் உன் தங்கச்சி காருக்கு. சனிக்கிழமை எல்லாரும் கேக் சாப்பிட வராங்க."

"சனிக்கிழமை பதினஞ்சு, மேவிஸ்!"

"தெரியும். எனக்கு வருஷா வருஷம் தெரியும்."

"என்னை இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"சொல்லியிருந்தா இருந்திருப்பியா?"

ஆர்லோ போய் பெஞ்சுக்கு அடியிலிருந்து ரெஞ்சை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தான். மேவிஸ் ஒரு பேட்டரியை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, மற்றதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன் வண்டி கடைசி. மான் அடுத்த வருஷமும் இருக்கும். நான் இருப்பேனான்னு யோசிச்சுக்கிட்டே மெதுவா நட்டைக் கழட்டு."