பேவரிட்டுக்குப் பெண் கொடுக்காதவர்

நாலு பேர் ஒன்றை நல்லது என்று சொன்னால் ஐந்தாவது ஆளும் தலையாட்டுவதுதான் உலக வழக்கம். எண்பதுகளில் தர்மபுரி ஜில்லாவில் அப்படி ஆடாத தலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஆகாதுக்காரருடைய தலை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் உண்டு. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் குதிரைப் பந்தயத்துக்கென்று பெங்களூர் பஸ் ஏறிவிடுவார். அங்கே போய்க் குதிரையைப் பார்க்க மாட்டார், பணம் கட்ட நிற்கிற கூட்டத்தைப் பார்ப்பார். எந்தக் குதிரையின் பெயரைச் சொல்லி ஜனம் முண்டியடிக்கிறதோ அதுதான் பேவரிட். அதை "ஆகாது" என்று தள்ளிவிட்டு மிச்சமிருப்பதில் ஒன்றின்மேல் கட்டுவார்.

"பேவரிட் ஜெயிச்சா பத்துக்குப் பன்னண்டுதான் தருவானுங்க. அந்த ரெண்டு ரூவாய்க்கு அது ஜெயிச்சே ஆவணும். ஜனங்க சொல்ற அளவுக்கு எந்தக் குதிரையும் ஓடாதுங்க. நம்ம குதிரைக்குப் பத்துக்கு அம்பது, அறுவது தருவானுங்க, பத்து வாட்டில ரெண்டு வாட்டி வந்தா போதும், விட்டதையெல்லாம் புடிச்சிரலாம்" என்பார். பெரிய நஷ்டமில்லாமல் ஓட்டவும் ஓட்டினார்.

குதிரையோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஒருமுறை பாப்பாரப்பட்டி போகக் கிளம்பினார். அந்த ஊர் பஸ்ஸில் ஜனம் படிக்கட்டில் தொங்கியது. பக்கத்தில் இன்னொரு பஸ் காலியாகப் புறப்பட்டது. "கூட்டம் ஏறுற பஸ்ஸு ஆகாது" என்று காலி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அது டிப்போவுக்குப் போகிற பஸ். வெயிலில் நடந்து திரும்பி வந்தவரைக் கேட்டதற்கு, "உக்காந்துகிட்டுல்ல போனேன்!" என்றார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, அவர் மகள் செல்வியைப் பிடித்துப்போன அன்றோடு சிரிப்பு நின்றது. இருவரும் ஒரே அரசு ஆபீஸ். நான் கிளார்க், அவள் டைப்பிஸ்ட். அவளுக்கும் சம்மதம். இரண்டு வீடும் ஒரே வகையறா, வசதியும் ஏறக்குறைய ஒன்று. பெரியவர்கள் சொன்னால் முடிந்துவிடும் என்று நம்பி ஒரு மடத்தனம் செய்தேன். ஹெட்கிளார்க், சொசைட்டி செயலாளர், என் தாய்மாமன் என்று ஏழு பேரைப் பிடித்து, ஒருவர் பின் ஒருவராக வாட்ச் கடைக்கு அனுப்பி என்னைப் புகழ வைத்தேன். ஏழாவது ஆள் போனதும் தீர்ப்பு வந்தது.

"ஏழு பேரும் பையன் தங்கம்ங்கறாங்க. ஆகாதுங்க."

மறுநாள் செல்வி டைப்ரைட்டரைத் தூக்கி என்மேல் போடாதது அரசாங்கச் சொத்து என்பதால்தான். "ஏங்க, உங்கள யாருங்க பேவரிட் ஆவச் சொன்னது? எங்கப்பாவப் பத்தித் தெரியாதா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. சேலத்திலிருந்து ஒரு பேங்க் மாப்பிள்ளையின் ஜாதகம் வேறு வந்திருந்தது. ஆடி கழிந்ததும் பேசி முடிப்பதாக இருந்தார்கள்.

வழியையும் அவளே கண்டுபிடித்தாள். அந்த பேங்க் மாப்பிள்ளையைப் புகழ ஆரம்பித்தாள், அம்மாவிடம், அத்தைகளிடம், குழாயடியில். இரண்டே வாரத்தில் தெரு முழுக்க அவர் பக்கம் சாய்ந்தது. அவர் போட்டோவைக்கூடப் பார்க்காத பக்கத்து வீட்டம்மா, "மூக்கும் முழியுமா லட்சணமா இருக்கறாருங்க" என்று ஆகாதுக்காரரிடமே சொல்லிவிட்டார்.

என் வேலை, என் விலையை இறக்குவது. அதே ஏழு பேரை மறுபடி அனுப்பினேன். "பையன் சுமாருங்க" என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தேன். ஹெட்கிளார்க், "பைலு மேல தல வச்சு தூங்குவானுங்க" என்று தன் கையிலிருந்தும் போட்டுச் சொல்லிவிட்டு வந்தார். புகழப் போனபோது அந்த மனுஷரிடம் இவ்வளவு உற்சாகம் இல்லை.

ஆடி கழிந்த முதல் ஞாயிறு, ஆகாதுக்காரர் பெங்களூர் போகவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி கொடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, "இவன் எட்டு மணிக்கு முன்ன எந்திரிக்கவே மாட்டானுங்க" என்றாள். அது உண்மை வேறு. அவர் காபியை நிதானமாக முடித்தார்.

"சேலத்துக்காரரு ஆகாதுங்க. நம்ம செல்விய உங்க வூட்டுக்கே தந்துரலாம்னு இருக்கறேன்."

கல்யாணமான மறு வருஷம் என்னையும் பந்தயத்துக்குக் கூட்டிப்போனார். அவரை ஏமாற்றிப் பெண் கட்டியது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. பணம் கட்டும் இடத்தில் நின்றபோது சொல்லிவிட்டேன்.

"மாமா, அந்த சேலத்து மாப்பிள்ளைய பேவரிட் ஆக்குனது நாங்கதாங்க."

கூட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியுங்க மாப்ள" என்றார். "யாரும் பாக்காத குதிரைக்கு ரெண்டு வாரத்துல அவ்வளவு கூட்டம் சேராது. யாரு கெளப்பி வுடறதுன்னு பாத்தேன். பாத்தா எம் பொண்ணு. அவ இத்தன பாடுபடறான்னா வேற குதிரை மேல கட்டியிருக்கறான்னுதான அர்த்தம்? நானும் அது மேலயே கட்டிப்புட்டேன்."

அந்தப் பந்தயத்தில் பேவரிட்டே ஜெயித்துத் தொலைத்தது. தோற்ற சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "வாங்க மாப்ள, கூட்டமில்லாத கடையாப் பாத்து டீ குடிக்கலாம்" என்றார். ஈக்கள் மட்டும் வந்துபோகிற ஒரு கடையாகப் பார்த்து உட்கார வைத்தார். டீ வாயில் வைக்க முடியவில்லை. ஆனாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தேன், அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்திருந்தது.